ஒரு கொடிக்கு ஒரு காய்

கையை மடக்குங்க தம்பி. மொதல்ல அந்த வெரல மடக்குங்க. அரசாணிக் கொடிக்கு நேரா வெரல நீட்டக் கூடாதுங்க. காட்டோணும்னா இப்பிடி, வெரல உள்ளார மடக்கிட்டு முட்டியில காட்டோணும். பிஞ்சுக்கு நேரா வெரல நீட்டுனா அது வெம்பி அழுகிப் போயிரும். உங்க ஊர்ல சொல்ல மாட்டாங்களா? திருச்சிப் பக்கமுங்களா? அங்க இத பரங்கிக்காய்னு சொல்லுவாங்க. எங்களுக்கு அரசாணிக்காய். பேரு எதுவா இருந்தாலும் வெரலு வெரலுதானுங்க.

கோவிச்சுக்காதீங்க, உக்காருங்க. வாடகைக்குன்னு போர்டு பாத்துட்டுத்தான வந்தீங்க? நாந்தான் எழுதித் தொங்க உட்டேன், காலையில ஊட்டுக்காரி பால் வாங்கப் போயிருந்த நேரத்துல. மேல் போர்சனுங்க. ரெண்டு ரூமு, சமையக்கட்டு, தண்ணி எந்நேரமும் வரும். காட்டறேன், காட்டாம எங்க போறேன்? மேல ஏறுறதுக்கு முன்னால நாலு விசயம் சொல்லிப்போடறேன். நீங்க பாட்டுக்குப் போயி எதையாச்சும் கேட்டு வெச்சீங்கன்னா காரியம் கெட்டுப் போயிரும்.

மேல ஆளு இருக்குதுங்க. என்ற ஊட்டுக்காரிதான். தெய்வானை. கீழ நான், மேல அவ. இன்னிக்கோட நாப்பத்தி மூணு நாளாச்சு. சண்டையெல்லாம் இல்லீங்க. சண்டைன்னா பேசோணுமில்ல? பேசவே மாட்டேங்கறா. வேளைக்குச் சோத்த ஆக்கி, தூக்குப்போசியில போட்டு, மேலிருந்து மூணாவது படியில வெச்சுட்டுப் போயிர்றா. நான் போயி எடுத்துட்டு வந்து தின்னுட்டு, கழுவி அதே படியில வெக்கறேன். சோறு வருதுங்க, பேச்சு வரமாட்டேங்குது. நீங்க குடிவந்துட்டீங்கன்னா அவ கீழ எறங்கித்தான ஆகோணும்? அடுத்த குடும்பத்தோட ஒரே சமையக்கட்டுல நிக்க முடியுமா? அதுக்குத்தான் இந்தப் போர்டு. உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது? எனக்கு வாடகை முக்கியமில்ல, அவ எறங்கி வரோணும்.

எல்லாம் ஒரு வெரலால வந்த வெனை.

நான் முப்பத்தியொரு வருசம் எடை மேடையில வேலை பாத்தவனுங்க. இதே காங்கயத்துல, தாராபுரம் ரோட்டுல. லாரி வந்து ஏறும். மொதல்ல வெத்து வண்டிக்கு ஒரு எடை. லோடு ஏத்திட்டு வந்தா மறுக்கா ஒரு எடை. கழிச்சு சீட்டுப் போட்டுக் குடுத்தா அவன் பாட்டுக்குப் போயிட்டே இருப்பான். நெல்லு, தேங்கா, தவுடு, கம்பி, கருங்கல்லு, எல்லாம் பாத்தாச்சு. அத்தன லோடுலயும் ஒரு கிலோகூட எனக்குச் சொந்தமில்ல. ஜன்னல்ல கைய உட்டுச் சீட்ட வாங்கறவன் ஒருத்தனும் குனிஞ்சு என்ற மூஞ்சியப் பாத்ததில்ல. ரிட்டயர் ஆன அன்னிக்கு ஒரு சால்வை போத்துனாங்க. பேரு நாச்சிமுத்துன்னு வாழ்த்துப் பேச வந்தவருக்கே தெரியல, பக்கத்துல கேட்டுட்டுச் சொன்னாரு.

எங்கூர்ல வீட்டுத் தோட்டக்காரங்க சங்கம்னு ஒண்ணு இருக்குதுங்க. வருசா வருசம் கார்த்திகை கடைசி ஞாயித்துக்கெழமை மண்டபத்துல கண்காட்சி வெப்பாங்க. பெரிய காய் கொண்டாந்தவங்கள மேடைக்குக் கூப்புட்டு, காயத் தராசுல வெச்சு, மைக்குல பேரையும் எடையையும் சொல்லுவாங்க. முந்தின வருசம் சென்னியப்ப வாத்தியார் ஒரு அரசாணிக்காயக் கொண்டாந்து எறக்குனாரு. "திரு சென்னியப்பன், இருபத்தெட்டு கிலோ நானூறு கிராம்." மண்டபமே கை தட்டுது. நான் தட்டாம அந்தத் தராசையே பாத்துட்டு நின்னனுங்க. ஒரு ஆளோட பேரையும் எடையையும் ஒட்டுக்காச் சொல்லி நான் கேட்டதே இல்ல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், அடுத்த வருசம் அந்த மைக்குல என்ற பேரு வரோணும். இந்த வயசுல வேற எதுக்கு ஆசைப்பட்டேன், சொல்லுங்க? காரு கேட்டனா, பங்களா கேட்டனா?

அப்ப மேல பிரதாபன்னு ஒரு தம்பி குடியிருந்தான். மார்த்தாண்டத்துக்காரன். கரண்டு எடுக்கற காத்தாடிக் கம்பெனியில வேலை, வெடியால போனா பொழுதோடதான் வருவான். அவன் சம்சாரம் ஷீலா. நல்ல புள்ளைங்க, நான் இல்லைன்னு சொல்லல. எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. அதனால தெய்வானை அந்தப் புள்ளை வந்ததுல இருந்து மேலயே கெதியாக் கெடந்தா. காலையில காப்பி அங்க, மத்தியானம் சோறு இங்க, ரெண்டு பேரும் எந்நேரமும் ஊர்ப் பழமை பேசிட்டே இருப்பாங்க. அந்தப் புள்ளை என்னை மாமான்னும் இவள அத்தைன்னும்தான் கூப்புடும். நானும் ஒண்ணும் சொல்றதில்ல, கூப்புட்டா கூப்புட்டுட்டுப் போகுதுன்னு உட்டுட்டேன்.

பெரிய காய்க்குத் தனி வெதை வேணுமுங்க. அந்தப் பிரதாபன்தான் போன்ல தேடி, எங்கிருந்தோ வரவெச்சுக் குடுத்தான். ஆறு வெதை, ஒவ்வொண்ணும் கட்டவெரல் நகத்தாட்டம் இருந்துது. காசு வேண்டாம் மாமான்னுட்டான். ஆடிப் பதினெட்டு அன்னிக்குக் குழி போட்டேன். மூணடிக்கு மூணடி. மாட்டெரு, வேப்பம்புண்ணாக்கு, மக்குன எலை. அப்பறம் மீன் கரைசல். மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு வடிச்சு ஊத்துனா கொடி குண்டா வரும்னு சங்கத்துல சொன்னாங்க. எங்கூட்டுல மீன் புழங்கறதில்லீங்க. ஷீலாதான் மீன் கழுவுனதை எல்லாம் ஒரு டப்பாவுல எடுத்து வெச்சு வாராவாரம் கொண்டாந்து குடுக்கும். அதுக்கு ஆகாத கழிவுதான, எனக்கு உபயோகம் ஆச்சு.

கொடி என்னமோ சுவரேறிக் குதிக்கற மாதிரி ஓடுச்சு. பூவும் பூத்துது. ஆனா ஒரு பிஞ்சு தங்கல. சுண்டைக்கா அளவுக்கு வரும், மஞ்சளாகும், கைய வெச்சாக் கீழ உழுந்துரும். ஒரு மாசம் இதே கதை. எனக்கு ஆத்தரம் ஆத்தரமா வந்துது. வெதையே சரியில்ல, பிரதாபன் ஏமாந்துட்டான்னு திட்டுனனுங்க, சத்தமாத்தான் திட்டுனேன். மேல இருந்து அந்தப் புள்ளை கேட்டுட்டு எறங்கி வந்துது. "மாமா, இதுல ஆண் பூவு வேற, பெண் பூவு வேற. இங்கே தேனீயைக் காணோம். நம்மதான் ஒட்டி உடணும். எங்க ஊட்டு வெளைத் தோட்டத்துல இந்த மத்தங்காய்க்கு எங்க அம்மை அப்பிடித்தான் செய்யும்"னு சொல்லிட்டு, ஒரு பூவப் பறிச்சு, எதழ எல்லாம் உரிச்சுப்போட்டு, நடுவுல இருக்கற மகரந்தத்த இன்னொரு பூவுல வெச்சு மெதுவாத் தேச்சு உட்டுது. அவ்வளவுதான். அடுத்த நாளும் வந்துது. வெடியால ஆறு மணிக்கு, பூவு வாடறதுக்குள்ள. பத்துப் பதினஞ்சு நாளு வந்துருக்கும். மாசமா வேற இருந்துதா, குனியறப்ப ஒரு கைய இடுப்புல வெச்சுக்கும். பிஞ்சு நிக்க ஆரம்பிச்சுது. பூவப் பூவோட ஒட்டறது ஒரு வேலையா? யாரு வேணாலும் பண்ணலாம். அதுக்குன்னு குழி வெட்டுனது ஆரு, எரு போட்டது ஆரு, தண்ணி ஊத்துனது ஆரு? அதையெல்லாம் தெய்வானை யோசிக்க மாட்டா.

எட்டுப் பிஞ்சு நின்னுது. அதுல ஒண்ண வெச்சுட்டு ஏழையும் கிள்ளிப்போட்டேன். அதுதான் மொறை தம்பி. ஒரு கொடிக்கு ஒரு காய். கொடி குடிக்கற தண்ணி, திங்கற எரு, எல்லாம் அந்த ஒண்ணுக்கே போகோணும். தெய்வானைக்கு மனசு கேக்கல. "ஏனுங்க, ஒண்ணு ரெண்டு சமையலுக்கு உடலாமில்ல"ன்னா. பாவம் பாத்தாக் காய் பெருக்காதுன்னு சொல்லிட்டேன். கிள்ளுன பிஞ்சுகள அவ முந்தியில வாரிட்டுப் போயி பொரியல் பண்ணி மேல குடுத்துட்டு வந்தா.

அந்த ஒண்ணு வளந்துது பாருங்க! தெனமும் காலையில கயிறு போட்டு அளப்பேன். ஒரு நாளைக்கு ரெண்டு வெரக்கடை. ஐப்பசி கடைசியில வண்டிச் சக்கரம் போட்டாப்புல உக்காந்துருந்துது. நான் பாக்காத எடையா? கண்ணுலயே சொல்லுவேன், ஐம்பது கிலோவுக்குக் கொறையாது. சென்னியப்ப வாத்தியாருது இதுக்குப் பக்கத்துலயே நிக்காது.

வளர வளர எனக்குப் பயமும் வளந்துதுங்க. கேஸ் சிலிண்டர் போடறவன் எட்டிப் பாத்துட்டு "அம்மாடி!"ன்னு வாயப் பொளந்தான். கரண்டு ரீடிங் எடுக்க வந்தவன் போட்டோ புடிச்சான். கண்ணுபட்டா என்னாகும்? கரிப் பொட்டு வெச்சேன், படிகாரத்தக் கட்டித் தொங்க உட்டேன். அப்பவும் மனசு அடங்கல. ஒரு பழைய நூல் சேலையப் போத்துனேன். அது மழைக்கு நனைஞ்சு ஒட்டிக்கிட்டு உருவம் அப்பிடியே தெரிஞ்சுது. கனமான துணியாத் தேடுனேன். பொட்டியில அவளோட கூறைச்சேலை இருந்துது. கல்யாணத்துக் கூறைச்சேலைங்க, நல்ல கெட்டிப் பட்டு. முப்பத்தி நாலு வருசமாச் சும்மாத்தான கெடக்குது, அதுக்கும் ஒரு உபயோகம் வரட்டும்னு எடுத்துச் சுத்துனேன். மங்கலப் பொருளு வேற, கண்ணு அண்டாது. தெய்வானை பாத்தா. பாத்துட்டு உள்ள போயிட்டா. ஒண்ணும் சொல்லல. அதனால அதுல அவளுக்கு வருத்தம் ஏதும் இல்லைன்னு தெரிஞ்சுது.

இப்ப வெனைக்கு வரேன். ஷீலாவுக்கு அப்ப அஞ்சாம் மாசம். மத்தங்கா எரிசேரி வேணும்னு ஆசை. அது அவிய ஊர்ப் பண்டம், அரசாணிக்காயும் தேங்காயும் போட்டுப் பண்றது. அதுக்கு நான் என்ன கொறை வெச்சேன்? சந்தைக்குப் போயி ஒரு கீத்து நானே வாங்கிட்டு வந்து குடுத்தேன். தின்னுட்டு வாந்தி எடுத்துருச்சாமா. "அது எந்தக் காட்டுல வெளைஞ்சதோ, தண்ணியாட்டம் இருக்குது. புள்ளை கை ஒட்டுன காய்தான் அதுக்கு எறங்கும்"னா தெய்வானை. ரெண்டு பேரும் என்ன பண்ணுனாங்க தெரியுமா? எனக்குத் தெரியாம, கொடி சுவத்துக்கு அந்தப் பக்கம் எறங்குன எடத்துல, எலைக்குள்ளார ஒரு காயை ஒளிச்சு வளத்திருக்காங்க! என்ற கொடியில, என்ற எருவுல! நான் பெரியது ஏன் ஒரு வாரமா அளவு கூட மாட்டேங்குதுன்னு கெடந்து மண்டைய ஒடச்சுட்டு இருக்கறேன், இவிய அங்க எலை போத்தி ஒரு காய வளத்துட்டு இருக்கறாங்க.

ஒரு நா மத்தியானம் கொடியத் தடவிட்டே போனப்ப கையில தட்டுப்பட்டுது. தேங்காயளவு. நல்லாப் பளபளன்னு இருந்துது. கத்தி எடுத்தேன், காம்ப அறுத்தேன். ஆத்தரத்துல தூக்கிச் சாக்கடைப் பக்கம் எறிஞ்சுட்டேன். எறிஞ்சிருக்க வேண்டியதில்ல. குடுத்திருக்கலாம், பிஞ்சாவே சமைச்சிருப்பாங்க. அந்த ஒண்ணு மட்டும் நான் பண்ணுனது கொஞ்சம் எச்சு. ஒத்துக்கறேன்.

சத்தம் கேட்டு அந்தப் புள்ளை எறங்கி வந்துது. வெட்டுன காம்பப் பாத்துது. பால் மாதிரித் தண்ணி சொட்டிட்டு இருந்துது. அப்பறம் கைய நீட்டி, இந்த வெரல நேரா நீட்டி, சேலை சுத்தி வெச்சிருந்த என்ற காயக் காட்டி, "இதுக்கு வேண்டியா மாமா அதை அறுத்தீங்க?"ன்னு கேட்டுது. அம்புட்டுத்தான் கேட்டுது. கண்ணுல தண்ணி. எனக்கு அந்தக் கண்ணுத் தண்ணி தெரியலீங்க, வெரலுதான் தெரிஞ்சுது. "வெரல மடக்கு! வெரல மடக்கு புள்ளை!"ன்னு கத்துனேன். மாசமா இருக்கற பொம்பளை, வயிறெரிஞ்சு, நேரா வெரல நீட்டிருச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?

அன்னிக்கே தார்ப்பாய் வாங்கிட்டு வந்து, சேலைக்கு மேல அதையும் போட்டு, சுத்திலும் கயிறு கட்டி இறுக்கிட்டேன். இனிமே என்ற கண்ணுகூடப் படக்கூடாதுன்னு முடிவு. கண்காட்சி அன்னிக்குத்தான் அவிழ்க்கறதுன்னு வெச்சேன். நடுவுல நல்ல மழை, நாலஞ்சு நாளு ஓயாம ஊத்துச்சு. தார்ப்பாய் போட்டிருக்கறதால ஒரு சொட்டு உள்ள போவாதுன்னு நிம்மதியாத் தூங்குனேன்.

மழை உட்டதும் ஒரு நாத்தம் வந்துது. முதல்ல எலி செத்துருக்குதுன்னு நெனச்சேன். தெய்வானையச் சாக்கடையக் கழுவச் சொன்னேன், கழுவுனா. மறுநா இன்னும் எச்சாச்சு. பக்கத்தூட்டுக்காரர் சுவத்துக்கு மேல தலைய நீட்டி "ஏனுங் நாச்சிமுத்து, என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க?"ன்னு கேக்கறாரு. எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. மீனு! மேல மீன் கழுவித் தண்ணியக் கண்ட எடத்துல கொட்டறாங்க. நான் ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில நின்னுட்டு மேல பாத்துச் சத்தம் போட்டனுங்க. மீன் திங்கறவங்களுக்கு ஊடு குடுத்தது என்ற தப்பு, நாலு பேரு இருக்கற தெருவுல இப்பிடியா நாறடிக்கறதுன்னு, நாலு தெருவுக்குக் கேக்கறாப்புலப் பேசிட்டேன். அந்தப் புள்ளை எட்டிப் பாத்துட்டு, "மாமா, வாந்தி வருதுன்னு ரெண்டு மாசமா நாங்க மீனே வாங்கலை"ன்னுது. நான் நம்பலீங்க. நாத்தம் என்ன பொய் சொல்லுமா?

கண்காட்சிக்கு முந்தின நாளு. வண்டிக்குச் சொல்லியாச்சு, தூக்கறதுக்கு நாலு ஆளு வந்து நிக்கறாங்க. கயித்த அவுத்து தார்ப்பாயத் தூக்குனேன். தம்பி, அந்த நாலு பேரும் ரெண்டடி பின்னால போனாங்க. மூக்கப் பொத்திட்டாங்க. மேல பாத்தாக் காய் அப்பிடியே உக்காந்துருக்குது. கைய வெச்சேன். கை உள்ள போயிருச்சு. முழங்கை வரைக்கும் போச்சு. அடிப்பக்கம் பூரா கஞ்சி. கூறைச்சேலையும் அதோட நூல் நூலாக் கையில வந்துது. நான் அப்பிடியே குத்தவெச்சு உக்காந்துட்டேன். அழுதேன். முப்பத்தியொரு வருசத்துல எத்தனையோ பேரு லோடு கவுந்து அழுததப் பாத்திருக்கறேன், என்ற லோடு கவுந்தது அதான் மொதல் தடவை.

எடை கூடப் போடலீங்க! ஒரு வேளை நல்லா இருந்தப்பவே ஒரு தராசுல ஏத்திப் பாத்திருந்தா, எத்தனைன்னாவது தெரிஞ்சிருக்கும். இப்ப ஆருகிட்ட ஐம்பதுன்னு சொன்னாலும் சரி சரின்னு தலையாட்டிட்டுப் போறாங்க.

விவசாய ஆபீசுத் தம்பி ஒருத்தர் வந்து பாத்தாரு. சின்ன வயசு. "ஐயா, காத்தே இல்லாம மூடி வெச்சிருக்கீங்க, உள்ள வேர்த்து, ஈரம் தங்கி அழுகிருக்குது. அடியில வைக்கோல் போட்டு தெறந்து உட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது"ன்னாரு. படிச்ச புள்ளைங்க, புஸ்தகத்துல இருக்கறதச் சொல்றாரு. மூடுனதுனால அழுகுதுன்னா, வெரல நீட்டுறதுக்கு முன்னாலயும் மூடித்தான வெச்சிருந்தேன்? அப்ப ஏன் அழுகல? இதக் கேட்டதும் அவரு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு.

நான் மேல பாத்துச் சொன்னேன், இது அந்த வெரலு பண்ணுன வேலைன்னு. பிரதாபன் அன்னிக்கு ஊட்டுலதான் இருந்தான். எறங்கி வந்தான், சண்டைக்கு வருவான்னு பாத்தா, "சரி மாமா, இந்த மாசத்தோட காலி பண்ணிர்றோம்"னு மட்டும் சொன்னான். அப்பத்தான் தெய்வானை வாயத் தொறந்தா. நாலு ஆளு நிக்கறாங்க, பக்கத்தூட்டுக்காரரு பாத்துட்டு நிக்கறாரு, என்னைப் பாத்துச் சொல்றா: "அந்த வெரலு பூவத் தொட்டுத்தானுங்க இந்தக் காயே உண்டாச்சு. அப்ப அழுகலையா? மீன்னு சொன்னீங்க. நாறுனது உங்க காய். அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை." இதுக்கு நான் என்னங்க பதில் சொல்றது? தொடறது வேற, காட்டறது வேற. அது இவளுக்குப் புரியல. அத்தன பேரு முன்னால நான் என்னன்னு சொல்லுவேன்? அடுத்த நாளு சொல்லிக்கலாம்னு உட்டுட்டேன். அடுத்த நாளு அதுக்கடுத்த நாளாச்சு.

அவிய போன அன்னிக்கு நான் பொடக்காலியில குழி தோண்டி அழுகல மம்புட்டியால வாரிப் போட்டுட்டு இருந்தேன். ஷீலா கதவுகிட்ட வந்து நின்னு "போயிட்டு வாறேன் மாமா"ன்னுது. எனக்குக் கேட்டுது. திரும்பலீங்க. கையெல்லாம் அழுகல், மேலெல்லாம் நாத்தம், அந்தக் கோலத்துல எப்பிடித் திரும்பறது? கைய கழுவிட்டு வரலாம்னு போனேன். நான் வர்றதுக்குள்ள வண்டி கெளம்பிருச்சு.

அன்னிக்கு மத்தியானம் தெய்வானை தலகாணியும் போர்வையும் எடுத்துட்டு மேல ஏறுனா. "பூட்டி வெச்சா ஊடு வீணாப் போகும், நான் கொஞ்சம் பொழங்கிட்டு வரேன்"னா. நானும் சரின்னேன். அடுத்து அடுப்பு போச்சு. அப்பறம் சாமி படம் போச்சு. அதுக்கப்பறந்தான் எனக்கு உறைச்சுது. கீழ இருந்து கூப்புட்டா பதில் வரமாட்டேங்குது. ஆனா பொழுதோட அந்தப் புள்ளைகிட்ட போன்ல பேசுவா, அது மட்டும் கேக்கும். மேல சிரிக்கறது கீழ நல்லாக் கேக்குமுங்க. நான் இருமுவேன். சத்தமா இருமுவேன். சிரிப்பு நிக்கும், போன எடுத்துட்டு மாடிக்கு அந்தப் பக்கமாப் போயிருவா. வெக்கத்த உட்டுச் சொல்றேன், எனக்கு ஊடே புடிக்கல தம்பி. செவுத்தப் பாத்துட்டு எத்தன நேரம் உக்காருவேன்?

நீங்க பாத்தீங்களே, அது தைப் பட்டத்துக்குன்னு மார்கழி பொறந்ததுமே போட்ட கொடி. மிச்சம் இருந்த வெதை. கொடி நல்லாத்தான் வருது, ஆனா இதுலயும் ஏதோ கோளாறு. பிஞ்சு வைக்குது, மஞ்சளாகுது, உழுந்துருது. நானும் பூவப் பூவோட ஒட்டிப் பாத்துட்டேன், எது ஆண் பூவு எது பெண் பூவுன்னு கண்ணாடி போட்டாலும் புடிபட மாட்டேங்குது. மண்ணுல உப்பு ஏறிருச்சுன்னு நெனைக்கறேன்.

சரி, கெளம்புங்க, மேல போலாம். போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்கூட்டுல மாசமா இருக்கறாங்களா? இல்லையா? நல்லதாப் போச்சு. மேல போனதும், போர்டு பாத்து வந்தேன்னு மட்டும் சொல்லுங்க. நான் சொன்னதெல்லாம் சொல்லாதீங்க. அம்மா எப்ப காலி பண்ணுவீங்கன்னு பதமாக் கேளுங்க. குடும்பத்தோட வர்றோம், அவசரம்னு சொல்லுங்க. எளகுன மனசுக்காரி, ஊரு விட்டு ஊரு வந்தவங்கன்னா இல்லைன்னு சொல்ல மாட்டா. நீங்க முன்னால ஏறுங்க, நான் பின்னால வரேன். இந்தப் படி, தூக்குப்போசி இருக்குது, காலு பட்டுராமப் பாத்துக்குங்க.

தெய்வானை! தெய்வானை, ஊடு கேட்டு வந்திருக்காங்க. திருச்சிக்காரத் தம்பி.

பாத்தீங்களா, "வாங்க தம்பி"ங்கறா. குரலு நல்லாத்தான இருக்குது? உங்களைப் பாத்துப் பேசறா, பேசட்டும். கேளுங்க, எப்பன்னு கேளுங்க.

என்னங்கறா? கொஞ்சம் நகருங்க, எனக்குக் காது சரியாக் கேக்கல. மேல் ஊடு காலியில்லையாமா? அவ குடியிருக்கறாளாமா? அதாங்க தம்பி, அதுக்குத்தான... என்னது, கீழ் ஊடா? கீழ் ஊடுதான் காலியாகுதா? அதுக்கும் ஆள் சொல்லியாச்சா? சித்திரையில வர்றாங்களா, மார்த்தாண்டத்துல இருந்தா? கைக்கொழந்தைய வெச்சுட்டு மாடிப்படி ஏற முடியாதுன்னு கீழயே சொல்லிட்டேங்கறா...

தெய்வானை, கீழ நான் இருக்கறேனே.

எடம் அவங்கப்பா குடுத்ததுதானுங்க தம்பி, பத்திரமும் அவ பேருலதான். அதை நான் இல்லைன்னு சொல்லல. அவிய வரட்டும், நல்லா வரட்டும், நான் வேண்டாம்னா சொன்னேன்? அந்தப் புள்ளைகிட்ட நானே பேசறேன், போன் பண்ணி இப்பவே வேணாலும் பேசறேன். தம்பி, நீங்க போயிராதீங்க. ஒரு நிமிசம் நில்லுங்க. நாப்பத்தி மூணு நாளா என்கிட்டப் பேசல, உங்ககிட்டன்னா வாயத் தொறக்கறா. நீங்களே கேளுங்க. சித்திரைக்கு அப்பறம் நான் எங்க இருக்கறதுன்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க தம்பி.